சிவப்புக் கைப்பிடி

“அந்த ஆள் மட்டும் என் கையில மாட்டட்டும், தோலை உரிச்சுத் தொங்க விடறேன்” என்றார் மரக்கடைக்காரர், பேட்டரிக் கடை முக்காலியில் உட்கார்ந்தபடி.

அவருடைய மச்சினன் போன மாதம் தனியாகப் போய் ஒரு பழைய கார் வாங்கி வந்திருந்தான். கிளிப்பச்சை நிறம். பார்க்கப் போனபோது ஒரே திருப்பில் கிளம்பிய வண்டி, வீட்டுக்கு வந்த மறுநாள் முனகக்கூட இல்லை.

“காட்டும்போது நல்ல பேட்டரி. குடுக்கும்போது செத்த பேட்டரியை மாட்டித் தலையில கட்டிட்டான். மனுசனாய்யா அவன்?”

பேட்டரிக் கடைக்காரர் தலையைத் தூக்காமல், மரக்கடைக்காரர் தன் சொந்தக் காரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முனை இரண்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இது முடிஞ்சுபோச்சு சார். தண்ணியே ஊத்தலையா?”

“நான் கார் ஓட்டுறேனா, செடி வளக்குறேனா?”

“சரி, புதுசு போட்டுடலாம். மூணு வருஷ கேரண்டியில ஒண்ணு இருக்கு, அஞ்சு வருஷத்துல ஒண்ணு...”

“விக்கப்போற வண்டிக்கு எதுக்குய்யா அஞ்சு வருஷ கேரண்டி? மத்தியானம் ஆள் பார்க்க வருது. நாளைக்குக் காலையில என் புது வண்டி வந்து நிக்கும். வாசல்ல இருக்கிறது ஒரே இடம். இது இன்னிக்குப் போயே ஆகணும்.”

கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பேட்டரியைத் தூக்கி வைத்தார். துடைத்துப் பளபளவென்று இருந்தது. கைப்பிடியில் மட்டும் சிவப்பு பெயிண்ட் ஒரு தீற்று.

“இது விக்கிறதுக்கு இல்ல சார். ஒரு நாள் வாடகை. ஆள் பார்த்துட்டுப் போனதும் கழட்டிக் கொண்டாந்துடுங்க. மாறிடக்கூடாதுன்னுதான் சிவப்பு.”

மரக்கடைக்காரர் கண் முன்னால் மச்சினன் முகம் ஒரு தடவை வந்து போனது. அது போனதும், “வாடகையைப் பாதியாக் குறை” என்று ஆரம்பித்தார்.

மத்தியானம் வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட சாந்தமான ஆள். கக்கத்தில் ஒரு துணிப்பை. அவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்டது. இவரை உரிக்கக் கத்தியே வேண்டாம் என்று மரக்கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

சாவியைத் திருப்பினார். வண்டி உடனே உறுமியது.

“கேட்டீங்களா? ரெண்டாவது தடவை திருப்பினதா சரித்திரமே இல்ல.”

கண்ணாடிக்காரர் முன் மூடியைத் திறக்கச் சொன்னார். ஆயில் பார்த்தார். ரேடியேட்டர் பார்த்தார். பேட்டரியிடம் வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“பேட்டரி நல்லா வச்சிருக்கீங்க.”

“மாசாமாசம் நானே தண்ணி பார்ப்பேன். முனையில வாஸ்லின் தடவுவேன். பெத்த பிள்ளை மாதிரி.”

“தெரியுது, தெரியுது. இதுவும் சேர்த்துத்தானே விலை?”

“என்ன சார் கேள்வி இது? என் மச்சினனை ஒருத்தன் இப்படித்தான் ஏமாத்தினான். கிளிப்பச்சைக் கலர் வண்டி. பேட்டரியை மாத்தி வச்சுக் குடுத்துட்டான். அந்த ரகம் இல்ல சார் நான்.”

“அடப்பாவமே” என்றார் கண்ணாடிக்காரர், இன்னும் மெதுவாக.

பேரம் அரை மணி நேரத்தில் படிந்தது. ஆச்சரியமாக, அவர் அதிகம் முரண்டு பிடிக்கவில்லை.

“ரொம்ப சந்தோஷம். சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்குங்க” என்றார் மரக்கடைக்காரர். பழைய பேட்டரி மாடிப்படிக்கு அடியில் சாக்குக்குள் தயாராக இருந்தது.

“எதுக்குச் சாயங்காலம்? பணம் பையிலயே இருக்கு. இப்பவே கிளம்பறேன்.”

“இல்ல... கழுவித் தரலாம்னு...”

“நான் கழுவிக்கறேன்.”

“காகிதமெல்லாம் தேடணும்...”

“காகிதம் இதோ இருக்குங்க” என்று உள்ளேயிருந்து மொத்தக் கட்டையும் கொண்டுவந்து நீட்டினாள் மனைவி. “காலையிலயே எடுத்து வைன்னீங்களே.”

அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் ஈர விறகும் பற்றி எரிந்திருக்கும். ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? வாடகைப் பேட்டரி, கழற்றணும் என்றா?

பணம் கை மாறியது. சாவியும் மாறியது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த பேட்டரி, வண்டியோடு வாசலைத் தாண்டியது. கடைக்காரருக்கு இனிப் புதுசு ஒன்று வாங்கித் தரவேண்டும். அதுவும் அஞ்சு வருஷ கேரண்டியில்தான் கேட்பான்.

தெருவில் இறங்கிய வண்டி நின்றது. கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கைகாட்டிக் கூப்பிட்டார். மரக்கடைக்காரர் ஓடிப்போய்க் குனிந்தார்.

“பேட்டரிக் கடைக்காரரை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க. என் கிளிப்பச்சை வண்டியை விக்கிறப்போ இதே சிவப்புக் கைப்பிடிதான் குடுத்தார். அதுக்கு நான் முழு வாடகை குடுத்தேன் சார், உங்களுக்காவது கொஞ்சம் குறைச்சாரா?”