மயில்கழுத்து கலர்

பழைய போன் மேசைமேல் படுத்திருந்தது. எக்ஸ்சேஞ்சுக்கு அதை எடுத்துப்போகக் கடையிலிருந்து ஆள் கிளம்பிவிட்டான். அதற்குள் ஒரே ஒரு விஷயம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். தன்னை ஏன் அனுப்புகிறார்கள்?

பக்கத்தில் கிடந்த புதுப் போனிடம் கேட்டது.

“தம்பி, என்னைவிட உனக்கு என்னப்பா கூடுதல்?”

“கண்ணு தெரியலையா பெருசு? என் முதுகைப் பாரு. மயில்கழுத்து கலர்! ஊரே திரும்பிப் பாக்கும்.”

பழைய போனின் முதுகு வெறும் நீலம். வேறு என்ன புதுசு என்று கேட்டது. புதுப் போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கலர்தான்,” என்றது.

அப்போது இரண்டுக்கும் சொந்தக்காரியான யாழினி வந்தாள். கீறல் விழுந்துவிடும் என்று, பழைய போனுக்குப் போட்டிருந்தது போலவே தடிமனான கறுப்பு கவர் ஒன்றைப் புதுப் போனுக்கு மாட்டினாள். மயில்கழுத்து ஒரு பொட்டுகூட வெளியே தெரியவில்லை.

கூடத் தங்கியிருந்த ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

“ஏய், புதுப் போன் வந்துருச்சுன்னியே, எங்கடி?”

“கையிலதாண்டி இருக்கு!”

“போடி, பழசையே ஆட்டிக் காட்டுறா.”

“நான்தான்! நான்தான் புதுசு!” என்று கவருக்குள்ளிருந்து கத்தியது புதுப் போன். யாருக்கும் கேட்கவில்லை. பழைய போனுக்கு மட்டும் கேட்டது. அது ஏதோ சொல்ல வாயெடுத்தது.

அதற்குள் கடை ஆள் வந்து பழைய போனை ஆஃப் செய்து பைக்குள் போட்டான். முக்கால்வாசி சார்ஜ் அப்படியே இருந்தது.