முருங்கைச் சாறு

அவள் மிக்ஸியில் முருங்கை இலை அரைக்கும் சத்தம் கேட்டாலே கணவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

“என்ன விஞ்ஞானி, மக்காச்சோளத்துக்கு ஜூஸ் ரெடியா?”

“நல்லா சிரிங்க. மழை ஏமாத்தினாலும் இந்தச் சாறு தெளிச்ச பயிர் தாக்குப்பிடிக்கும். பாதி வயலுக்குத் தெளிக்கிறேன், பாதியை அப்படியே விடுறேன்.”

“விட்ட பாதி காஞ்சு போனா?”

“காயட்டும். அப்பதானே வித்தியாசம் தெரியும்!”

அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

மழை நிஜமாகவே ஏமாற்றியது. பக்கத்து வயலில் பயிர் சுருண்டே போனது. வேளாண்மை அதிகாரி வந்த அன்று, அவள் பெருமையாக அவரை வரப்பில் அழைத்துப் போனாள். தெளித்த பாதி பச்சைப் பசேலென்று நின்றது. தெளிக்காத பாதியும் அப்படியேதான் நின்றது.

“உங்க மண்ணே நல்ல மண்ணும்மா. சாறுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை” என்றார் அதிகாரி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் நின்ற கணவன் தொண்டையைக் கனைத்தான்.

“சார், அந்தப் பாதிக்கும் தெளிச்சாச்சு.”

“யாரு தெளிச்சது?” என்று சீறினாள் அவள்.

“நான்தான். நீ இல்லாத நேரமா பாத்து அரைச்சேன். உன் பாதி தளதளன்னு நிக்குது, இந்தப் பாதி வாடிப்போய் என்னையே பாக்குது. மனசு கேக்கலடி.”

“என் பரிசோதனையே பாழாப் போச்சே!”

“ஒண்ணும் பாழாகலைம்மா” என்று சிரித்தார் அதிகாரி. “ஒப்பிட்டுப் பாக்க பக்கத்து வயல் இருக்கே. இவரை மட்டும் அந்தப் பக்கம் விட்டுடாதீங்க!”