மயிலைக் காளையின் வயிற்றோரம்

மாலை ஐந்து மணிக்கு மழை வலுத்தபோது, தொழுவத்து மூலைக் கூடையில் சிலுப்பி என்ற கோழி ஏழு முட்டைகளின் மேல் அடைகாத்துக்கொண்டிருந்தது. கூரை ஒழுகிக் கூடை நனைந்தது. தன் உடம்புச் சூடு மட்டும் இனிப் போதாது என்று அதற்குத் தெரிந்துபோயிற்று.

பக்கத்தில் மயிலைக் காளை படுத்திருந்தது.

“அண்ணே, கொஞ்சம் சூடு வேணும்.”

காளை வெடுக்கென்று எழுந்தது. “அந்தப் பேச்சே எடுக்காதே! வைத்தியம்னு சொல்லிப் பழுக்கக் காய்ச்சின கம்பியால இழுத்தாங்க. இந்தத் தழும்பைப் பாரு.”

“அது கம்பிச் சூடு. நான் கேக்கறது உங்க வயித்துச் சூடு. அது இல்லேன்னா இதெல்லாம் கூமுட்டைதான்.”

“நான் புரண்டா நசுங்கிடுமே?”

“புரண்டா கொத்துவேன்.”

“என் இடத்துக்கே வந்து என்னையே மிரட்டறியே, உனக்குச் சூடு சொரணை இருக்கா?”

“முதல்ல குஞ்சு பொரியட்டும். சொரணையை அப்புறம் பாக்கலாம்.”

காளை எழுந்த இடத்து வைக்கோல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சிலுப்பி முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் அங்கே உருட்டிவந்து, மேலே உட்கார்ந்துகொண்டது. காளை முணுமுணுத்தபடியே அதை ஒட்டி மெல்லப் படுத்தது.

ஐப்பசி இருபதாம் தேதி காலை ஆறு குஞ்சுகள் பொரிந்தன. அன்று ஏர் பூட்ட வந்தவன் எவ்வளவு அதட்டியும் காளை மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை.