அணையாத வாசல் விளக்கு

ஆணி அடிக்கக் கூடாது என்று புது வாடகை வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தில்லைநாயகம் விளக்குக்கும் பூட்டுக்கும் சென்சார்களை டேப்பால்தான் ஒட்டினார். கூடத்தில், அவற்றை இயக்கும் பேசும் பெட்டியை வைத்தார். எத்தனை வாடகை வீடு மாறினாலும் வீட்டுப் பழக்கவழக்கத்தை நினைவில் வைத்து அது கூடவே வரும் என்று சொல்லி மனைவி செண்பகவல்லி வாங்கியது.

உயிர் வந்ததும் பெட்டி வாசல் விளக்கைப் போட்டது.

"பட்டப்பகல்ல எதுக்கு வெளக்கு?"

"செண்பகம்மா வெளியில போயிருக்காங்க ஐயா. வந்ததும் அணைச்சிடுறேன்."

தில்லைநாயகம் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பழைய வீட்டில் எட்டு மாதமாக அந்த விளக்கு அணையாமல் எரிந்ததை சுவிட்ச் கோளாறு என்றே நினைத்திருந்தார். மூச்சு வாங்க ஆம்புலன்ஸில் ஏறப்போனவள், வழக்கம்போலப் பெட்டியிடம் "போயிட்டு வரேன்" என்றுதான் சொன்னாள். வெறுமனே "போறேன்" என்று யார் வாயில் வரும்? பெட்டி அதை அப்படியே நம்பிவிட்டது.

இனி வரமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பதில் அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"அவங்களுக்குப் புது வீடு தெரியாதே, ஐயா. விலாசம் அனுப்பிட்டேன்" என்றது பெட்டி.

இன்னும் பிரிக்காத மூட்டைக்குள், அவர் நாள் தவறாமல் சார்ஜ் போட்டுவந்த செண்பகத்தின் போன் சிணுங்கியது.