வீட்டார் கிண்ணம்

தேங்காய் மட்டையை நாராக்கும் மில் இயந்திரத்தில் முன்கை கிழிந்து வந்த நாச்சிமுத்துவின் தோலை ஆய்வகத்தில் சில கிண்ணங்களில் வளர்த்து, எல்லாவற்றிலும் அதே காயத்தை அதே மில் தூசியோடு உண்டாக்கினேன். கிண்ணத்துக்கு ஒரு மருந்து. எது கிருமியை முதலில் கொல்கிறதோ, அதுதான் அவர் கைக்கு.

கடைசிக் கிண்ணம் வீட்டாருக்கு. அவர்கள் இஷ்டத்துக்கு எதையும் பூசலாம். அதைக் கொடுக்காவிட்டால் எனக்குத் தெரியாமல் கையில் போட்ட கட்டைப் பிரித்து மஞ்சளை அப்பிவிடுகிறார்கள்.

அவர் மனைவி துளசிமணி தினமும் வந்து அந்தக் கிண்ணத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தார். அதில் கிருமி பெருகி அழுகத் தொடங்கியது. தேர்வான மருந்தில் நாச்சிமுத்துவின் கை அழகாக ஆறியது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் துளசிமணி ஆய்வகத்துக்குள் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தன் கிண்ணத்தைக் காட்டினார்.

"ஏனுங்க, இதுக்கும் அந்த மருந்தப் போட்டு உடுங்க."

"இதைக் குப்பையிலதாம்மா கொட்டப் போறோம்."

"கொட்டிக்குங்க. ஆத்திப்போட்டு அப்பறமா கொட்டுங்க. இதுவும் அவரு தோலுதானுங்களே."

மருந்தை ஊற்றினேன். எரியுமே என்று துளசிமணி குனிந்து, கிண்ணத்தின்மேல் மெல்ல ஊதினார்.

ஆய்வகத்தில் ஊதக் கூடாது. நான் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.