கோடியில் நின்றவர்

ஆம்புலன்ஸ் வண்டி சினிமாக் கொட்டகை வாசலில் வந்து நின்றதும், டிக்கெட்டுக்கு நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது.

உள்ளே யாருக்கோ மயக்கம் என்று நினைத்தார்கள்.

பின்கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் இறங்கியபோது அதில் ஏற்கெனவே ஒருத்தி படுத்திருந்தாள். ஸ்ட்ரெச்சர் நேராகக் கொட்டகைக்குள் போனது.

அவள் தெய்வாத்தாள். கிணற்றுப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து உக்கடத்தில் தம்பி வீட்டில் படுக்கையோடு கிடக்கிறவள்.

டிரைவர் சுந்தரராஜுலுவுக்கு, அவசரம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைச் சும்மா நிறுத்திவைக்க மனசு வராது. பிரசவமான பெண்களைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுவார். நடக்க முடியாதவர்களைத் தேர் பார்க்கக் கூட்டிப்போவார். ஆஸ்பத்திரி டாக்டரும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

டாக்கி பார்க்க வேண்டுமென்று கேட்டது தெய்வாத்தாள்தான் முதல். அதுவும் இந்தப் படம்தான் வேண்டும் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

இன்றோடு படம் ஊரைவிட்டுப் போகிறது.

மானேஜர் திருமலைசாமி பெண்கள் பக்கத்து ஓரத்தில் ஒரு பெஞ்சை எடுத்துவிட்டு இடம் பண்ணிக்கொடுத்தார்.

பாட்டுக்குப் பாட்டு கூட்டம் தலையாட்டியது. தெய்வாத்தாள் பாட்டைக் கவனிக்கவில்லை. அரண்மனை வரும்போதெல்லாம் கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். அது மறைந்ததும் தலையணையில் சாய்ந்தாள்.

காணாமல் போன பிள்ளையை நினைத்து ராணி சபையில் அழுகிற கட்டம் வந்தது. கொட்டகையே மூக்கை உறிஞ்சியது.

தெய்வாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

எல்லாரும் திரும்பினார்கள். அதற்குள் ரீல் முடிந்து, அடுத்ததை மாட்ட விளக்கைப் போட்டார்கள்.

"ஏனுங்கக்கா, என்னாச்சுங்க?" சுந்தரராஜுலு குனிந்தார்.

"கோடியில ஈட்டி புடிச்சுட்டு நின்னாரே, அவரு எங்க ஊட்டுக்காரருங்க. தகரத் தொப்பி மூக்குமேல எறங்கிப்போச்சு, ஒத்த விரல்ல தள்ளி உட்டாரு. படத்துல நின்னேன்னு அவரு சொன்னப்ப ஒருத்தரும் நம்பலீங்க. பாத்துட்டு வந்தவிங்களும் இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க."

சுந்தரராஜுலு நிமிர்ந்து நின்று, "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்.

பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்பார்கள். அழுகைக்கு யார் கேட்பார்கள்? கூட்டம் சிரித்தது.

விஷயம் பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் தரை டிக்கெட்டிலிருந்து. அப்புறம் எல்லாரும்.

திருமலைசாமி ஆபரேட்டர் அறைக்கு ஓடினார்.

ராணி மறுபடி அழுதாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. காவலர் வரிசையின் கோடியில் ஒல்லியாக ஒருவர் ஈட்டியோடு நின்றார். தொப்பி மெல்ல இறங்கியது. விரல் மேலே போனது.

கொட்டகை அதிர்ந்தது. யாரோ சீட்டி அடித்தார்கள்.

"நேரா நில்லுங்க" என்றாள் தெய்வாத்தாள், திரையைப் பார்த்து.

படம் விட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தபோது பாதிக் கூட்டம் கூடவே வந்தது. ஆளாளுக்கு அவர் தொப்பியைத் தள்ளிவிட்டதை நடித்துக் காட்டினார்கள்.

இடுப்பில் குழந்தையோடு வந்த ஒருத்தி கேட்டாள்: "அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே?"

வண்டியில் ஏற்றும்போது போர்வை நழுவியது. உள்ளே வெள்ளைச் சேலை தெரிந்தது. கேட்டவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தெய்வாத்தாளுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"வந்தாருங்களே, கண்ணு. ரெண்டு வாட்டி வந்தாரு."