அமுது மோட்டார்

"இதுவும் நின்னுட்டுடே."

மகனின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டதுமே இசக்கிமுத்து உள்ளேயிருந்து சொன்னார்.

அசோக்குமார் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான். அப்பா மார்பில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அவன் செய்த சாப்பாட்டு மெஷின், தட்டுக்கும் அவர் வாய்க்கும் நடுவே ஸ்பூனைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தது. சாம்பார் சாதம் மேஜையெல்லாம் ஒழுகிக் கிடந்தது.

"எப்பப்பா நின்னுச்சு?"

"நாலு வாய்கூட உள்ள போகல. கடக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு சந்திரகலாவைக் கூப்பிட்டு உனக்குப் போன் போடச் சொன்னேன்."

"போன தடவை பிளாஸ்டிக் கியர், போச்சு. சரின்னு விட்டேன். இது மெட்டல் கியர்ப்பா! இருக்கறதுலயே நல்ல மோட்டார்னு சத்தியம் பண்ணிக் குடுத்தான்."

"என்னத்தச் சத்தியமோ" என்றார் அப்பா.

சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆளாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் கட்டிய வீட்டில், பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் கழுத்தில் அடி. அன்றிலிருந்து இரண்டு கையும் மடியில் கிடப்பதுதான். அம்மா காலமாகிவிட்டாள். அவன் மனைவி தேவயானி காலையிலேயே ஸ்கூல் வேலைக்குப் போய்விடுவாள். அதனால் மதியச் சாப்பாட்டை ஊட்டிவிட அசோக்குமார்தான் ஓடிவர வேண்டும். அதே சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் அவன் வெறும் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். தாமதமாகத் திரும்பினால் சூபர்வைசர் கேட்டைப் பார்த்துக் கை நீட்டுவார்.

அதற்காகத்தான் இந்த மெஷின். சின்ன வயதிலிருந்தே மோட்டாரும் ஒயருமாகக் கிடந்தவனுக்கு அது பெரிய வேலையில்லை. தாடையால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், ஸ்பூன் அள்ளிக்கொண்டு வாய்க்கு வரும். தேவயானி அதை வீடியோ எடுத்துப் போட, விருத்தாசலத்தில் ஒரு மறுவாழ்வு இல்லம் எல்லாப் படுக்கைக்கும் வேண்டுமென்று கேட்டது. 'அமுது' என்று பேரும் வைத்தாகிவிட்டது. மோட்டார் மேலேயே அந்தப் பேரை அச்சடித்துத் தருவதாக, மோட்டார் செய்து தரும் கோயம்புத்தூர்க்காரர் சொன்னார். கான்ட்ராக்ட் வேலையிலிருந்து தப்பிக்க அவனுக்குக் கிடைத்த ஒரே வாசல் இதுதான். நம்பகமான மோட்டார் ஒன்று அமைய வேண்டும். அதுதான் அமைய மாட்டேன் என்கிறது.

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து சாதத்தைப் பிசைந்து ஊட்டினான். அப்பா ஆவலாக வாயைத் திறந்தார்.

"பழைய மைன்ஸ்ல மழைத் தண்ணி வத்திட்டா?"

"பம்ப் பண்ணிக்கிட்டு இருக்காங்க."

"உங்க சூபர்வைசர் மகளுக்குக் கல்யாணம்னியே, முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிருச்சுப்பா. சீக்கிரம் முழுங்குங்க."

"மோர் கொஞ்சம் ஊத்துடே. நீ பிசைஞ்சாத்தான் உப்பு உரைக்குது."

போன் அடித்தது. கோயம்புத்தூர் கருப்பசாமி.

"மோட்டாரைப் பேர் அடிக்கிற மெஷின்ல ஏத்திட்டோமுங்க சார். நீங்க சரின்னா ஓட்டிரலாம்."

"வேண்டாங்க. உங்க மோட்டாரும் நின்னுடுச்சு."

"அது எப்படிங்க சார்? மத்த எடத்துல எல்லாம் ஜம்முன்னு ஓடுது, உங்க வீட்ல மட்டும் நிக்குது. கழட்டிப் பார்த்தீங்களா?"

"போன தடவை கழட்டினேன். கியர் நொறுங்கிக் கெடந்துச்சு. இதுலயும் அதே சத்தம்தான்."

"கியர் தானா நொறுங்காதுங்க சார். அந்த ஸ்பூன் கை திரும்பும்போது எதுவோ கெட்டியாப் புடிச்சு நிறுத்தியிருக்கோணும்."

அசோக்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அப்பாவுக்குக் கையே தூக்க வராது. யாருங்க புடிப்பா? பேர் அடிக்காதீங்க, விட்ருங்க."

அதே சூட்டில் விருத்தாசலத்துக்கும் போன் போட்டான். "மன்னிச்சுக்கங்க. நடுவுல நின்னுபோற சாமானைப் பேர் போட்டு விக்க எனக்கு மனசு வரல. வேற ஆளைப் பார்த்துக்குங்க."

போனை வைத்தான். இனி ஆயுசுக்கும் கான்ட்ராக்ட்தான் என்று நினைத்துக்கொண்டான்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "விட்டாச்சா?"

"விட்டாச்சுப்பா."

"அப்பம் நாளைக்கு மத்தியானம் நீதான வருவ?"

"வேற யாரு வருவா?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அசோக்குமார் மெஷினிலிருந்து ஸ்பூனைக் கழற்றி, தட்டோடு எடுத்துப்போய்க் குழாயடியில் போட்டான். பல்லில் இடித்தால் வலிக்குமே என்று அவன் தேடித் தேடி வாங்கிய மெத்தென்ற ஸ்பூன் அது. இத்தனை நாளும் தேவயானிதான் தேய்ப்பாள். இன்று கோபத்தில் அவனே தேய்த்தான். விரலில் ஏதோ நெருடியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

வாய்க்குள் போகவே தேவையில்லாத காம்பின் மேலும் கீழும், விடாமல் கடித்துப் பிடித்த பல் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. சில பழையவை, ஒன்று இன்றையது.